டோங்கா குடும்பத்தின் வேரைத் தேட: அத்தையிடம் போவதா, ஆவணக் காப்பகத்துக்குப் போவதா?

நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்தில் குடியிருப்பதால், பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்த நண்பர்கள் எனக்கு அதிகம். அவர்களுடைய பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். கல்யாணம் ஆகிக் கையில் ஒரு குழந்தையும் வந்த பிறகு பலர் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: தாத்தாவுக்கு முன்னால் யார், அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் இருப்பது கிறிஸ்துமஸ் விடுமுறையும் கொஞ்சம் சேமிப்பும்தான். அந்த விடுமுறையில் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து கேட்பதா, இல்லை தலைநகர் நுக்குஅலோஃபா அலுவலகங்களில் பதிவேடு புரட்டுவதா? இரண்டையும் செய்யலாம்தான். ஆனால் எதை முதலில் செய்வது, எதை எவ்வளவு நம்புவது என்று முடிவு செய்யாமல் போனால், விடுமுறை விருந்துகளிலும் வரிசைகளிலும் கரைந்துவிடும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு முதலில் அத்தை, அப்புறம்தான் காப்பகம். பெரியவர்களுக்கு வயதாகிறது, ஏடு எங்கும் போகாது என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனாலும் என் காரணம் வேறு. டோங்காவில் காகிதம் ஆண் வழியைத்தான் பின்தொடர்கிறது. குடும்பத்தின் அந்தஸ்தையோ சகோதரிதான் தாங்குகிறாள். காகிதத்தை மட்டும் பிடித்துப் போனால், ஒரு டோங்கா குடும்பத்தில் எது மிக முக்கியமோ அதுவே கண்ணில் படாது.

அத்தையின் இடம்

டோங்காவில் சகோதரி சகோதரனைவிட உயர்ந்தவள். அவள் இளையவளாக இருந்தாலும் அப்படித்தான். அப்பாவின் சகோதரியை மெஹெகிதங்கா என்பார்கள். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு அவளைவிட மரியாதைக்குரியவர் வீட்டில் கிடையாது. அவளும் அவள் பிள்ளைகளும் அவளுடைய சகோதரன் வீட்டில், அதாவது பிள்ளைகளின் தாய்மாமன் வீட்டில், ஃபஹு என்ற உரிமை பெற்றவர்கள். அங்கே எதை வேண்டுமானாலும் கேட்டு எடுக்கலாம், மறுக்கக்கூடாது. நம் ஊரில் தாய்மாமன் சீர் செய்யக் கடமைப்பட்டவர் அல்லவா, அந்தக் கடமையை இன்னும் பல மடங்கு இறுக்கிக்கொண்டால் கிட்டத்தட்ட இது வந்துவிடும்.

இந்த ஏற்பாடு மன்னர் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. துஇ டோங்கா என்ற பட்டம் தாங்கிய பழைய புனித அரசரைவிட அவருடைய மூத்த சகோதரி உயர்ந்தவள். அந்தச் சகோதரியின் மகளுக்குத் தமஹா என்று பட்டம், அவள் இன்னும் உயர்ந்தவள். 1777-இல் கேப்டன் குக் வந்தபோது பாவ்லாஹோதான் அரசர். அந்த அரசரே பணிந்து நடக்க வேண்டிய உறவினர்கள் இருப்பதைக் கண்டு வெள்ளையர்கள் குழம்பிப்போனார்கள். ஆட்சி செய்கிறவருக்கு மேலே ஒரு பெண் எப்படி இருக்க முடியும் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை.

இன்றைக்கும் ஒரு சாவு வீட்டுக்குப் போனால் இந்த வரிசை கண்ணுக்குத் தெரியும். இறந்தவரின் தலைமாட்டில் ஃபஹு உரிமையுள்ள பெண் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் கொண்டுவரும் நேர்த்தியான பாய்களிலும் மரப்பட்டைத் துணிகளிலும் சிறந்தவை அவளுக்குப் போகும். இறந்தவரைவிட உறவுமுறையில் தாழ்ந்தவர்களை லியோங்கி என்பார்கள். அவர்கள் இடுப்பில் பெரிய, முரட்டு, கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறத்தில் சமையல் வேலை பார்ப்பார்கள். அதே ஆளே அடுத்த மாதம் வேறொரு சாவில் முன்வரிசையில் இருக்கலாம். யார் இறந்தார் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். வம்சாவளி தேடுகிற பிள்ளை ஒரே ஒரு சாவு வீட்டில் யார் எங்கே உட்கார்ந்தார், யார் எந்தப் பாயைக் கட்டியிருந்தார், யாருக்கு எந்தப் பொருள் போனது என்று கவனித்து எழுதினாலே போதும். குடும்ப உறவின் வரைபடம் பாதி கைக்கு வந்துவிடும். இப்படி ஒரு பக்கம் எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது.

அதனால்தான் அத்தை. யார் மேலே, யார் கீழே, யாருக்கு யார் கடன்பட்டவர் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவளுடைய இடமே அந்தக் கணக்கில்தானே நிற்கிறது! குடும்பத் தலைவரான உலுமோதுஆவிடமும் கேட்க வேண்டும். அவர் நிலம், பட்டம், ஊர் என்று சொல்வார். அத்தை சொல்வது கல்யாணங்களையும் பிள்ளைகளையும்.

பேச்சில் என்ன கிடைக்கும்

வம்சாவளிக்கு டோங்கர்கள் சொல்வது ஹோஹோகோ. இதைச் சும்மா பெயர்ப் பட்டியல் என்று நினைத்துவிடக்கூடாது. இன்னார் இன்னாரை மணந்தார், அவர்களுக்கு இன்னார் பிறந்தார் என்று ஜோடி ஜோடியாக நகரும். அதனால் ஒவ்வொரு படியிலும் தாயும் இருப்பாள், அவள் எந்தத் தீவு, எந்த வழி என்பதும் வரும். சமோவாவிலிருந்து வந்த பெண், ஃபிஜியின் லாவ் தீவுகளிலிருந்து வந்த ஆண் என்று கடல் தாண்டிய முடிச்சுகளும் இதில்தான் நிற்கின்றன. ஃபலே ஃபிசி என்று ஒரு பெரிய குடும்பமே உண்டு, ஃபிஜி வீடு என்றுதான் அதற்குப் பெயர். துஇ டோங்காவின் சகோதரி ஒருத்தி லக்கேம்பாவிலிருந்து வந்த ஃபிஜிக்காரரை மணந்ததில் தொடங்கிய வழி அது.

தலைவர்களின் வழிகளை மாதாபுலே எனப்படும் பேச்சாளர் குடும்பங்கள் காத்துவந்தன. காவா என்ற வேர்ப் பானத்தை அருந்தும் சடங்கில் யார் எந்த இடத்தில் உட்காருகிறார் என்பதே ஒரு வம்சாவளிதான். புனாகே என்ற கவிஞர்கள் லகலகா ஆட்டப்பாட்டுகளில் இதே செய்தியை மறைபொருளாக வைத்தார்கள். ஒருவரைப் பெயர் சொல்லாமல் ஒரு பூவையோ, ஒரு கரையையோ, ஒரு காற்றையோ சொல்லிக் காட்டுவார்கள். கேட்கிறவருக்கு அது எந்தக் குடும்பம் என்று தெரியும். ஊர்ப் பாட்டு தெரிந்த ஒரு பாட்டியிடம் 'இந்த வரியில் வருகிற பூ யார்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மாலை முழுக்கப் பேச விஷயம் கிடைக்கும்.

எழுத்து வந்த பிறகு இந்தப் பேச்சு நோட்டுகளுக்குள் இறங்கியது. தோஹி ஹோஹோகோ என்று பல வீடுகளில் ஒரு புத்தகம் இருக்கும். தாத்தா கைப்பட எழுதியது, பெட்டிக்குள் துணி சுற்றி வைத்தது. 1918 முதல் 1965 வரை ஆண்ட அரசி சாலோத்தே துபோ இந்தத் துறையில் நாட்டிலேயே பெரிய அறிஞர். கவிஞரும் அவரே. பெரியவர்களின் நினைவில் இருப்பதைத் தொகுக்க 1950-களில் ஒரு மரபுக் குழுவை அரண்மனையில் ஏற்படுத்தினார். எலிசபெத் பாட் என்ற மானுடவியலாளருடன் உட்கார்ந்து விரிவாகப் பேசித் தம் அறிவைப் பதியவும் வைத்தார். பெரிய தலைவர் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு அந்தத் தொகுப்பு ஒரு பொக்கிஷம்.

சரி, இதில் எங்கே ஏமாறுவோம்? முதலாவது, ஆழம் எல்லோருக்கும் ஒன்றல்ல. துஇ டோங்கா வழியில் வானத்துக் கடவுள் தங்காலோவாவின் மகன் என்று சொல்லப்படும் அஹோஎய்து தொடங்கி, 1865-இல் இறந்த லௌஃபிலிடோங்கா வரை 39 பேரை அடுக்கிச் சொல்வார்கள். சாதாரண மீனவர், விவசாயிக் குடும்பத்தில் நாலைந்து தலைமுறைக்கு மேல் போனால் மங்கிவிடும். அந்தக் காலத்தில் அவர்களுடைய வழியைக் காப்பதற்கு என்று தனியாக யாரும் இல்லை. அதனால் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் கணினியில் தன் வழியை நேரே அஹோஎய்து வரை இழுத்துக்கொண்டு வந்தால், நடுவில் எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

இரண்டாவது, வம்சாவளி அதிகாரத்தோடு பின்னியது. பழைய அரச வழிகள் மூன்று: துஇ டோங்கா, துஇ ஹாஅதகலௌவா, துஇ கனோகுபோலு. இன்றைய அரச குடும்பம் மூன்றாவதிலிருந்து வருகிறது. அரசி சாலோத்தே 1917-இல் துங்கி மைலேஃபிஹியை மணந்தபோது, மூன்று வழிகளும் அவர்கள் பிள்ளையிடம் ஒன்றுசேர்ந்தன என்று பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மையும்கூட. அதே சமயம் வென்ற குடும்பத்துக்குப் பக்கத்தில் இருந்த வழிகள் பளிச்சென்று நினைவில் நின்றன, தோற்றவர்களின் வழிகள் சுருங்கின என்பதையும் மறக்கக்கூடாது. 1852 வரை நடந்த உள்நாட்டுப் போர்களில் எதிர்த்தரப்பில் இருந்த ஒரு குடும்பத்தின் கதையை அந்தக் குடும்பத்திடம்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது உறவுச் சொற்கள். அப்பாவுக்குச் சொல்லும் அதே சொல்லைத்தான் அப்பாவின் சகோதரர்களுக்கும் சொல்வார்கள். அம்மாவின் சகோதரிகளும் அம்மாதான். பெரியப்பா மகனும் அண்ணன், அத்தை மகனும் அண்ணன். 'அவர் என் அப்பா' என்று பெரியவர் சொன்னால் உடனே மரத்தில் கோடு போட்டுவிடக் கூடாது. பெற்றவரா, வளர்த்தவரா, பெற்றவரின் அண்ணனா என்று மெதுவாக, மரியாதை குறையாமல் கேட்டுத் தெளிய வேண்டும். உறவினர் பிள்ளையை எடுத்து வளர்ப்பது அங்கே சர்வ சாதாரணம். வளர்த்தவர் பெயரே பிள்ளையின் கடைசிப் பெயராக நின்றுவிடுவதும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது, அது 1918 நவம்பர். டலூன் என்ற கப்பலில் வந்த இன்ஃப்ளுயன்சாவில் நாட்டு மக்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேர் சில வாரங்களில் போய்விட்டார்கள். ஒரு குடும்பத்தின் பேச்சு வழி அந்தத் தலைமுறையோடு திடீரென்று அறுந்திருந்தால், பெரியவர்களுக்கு ஞாபகம் இல்லை என்று அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் அந்த நவம்பரில் இறந்திருக்கலாம். அந்த இடத்தில்தான் காகிதம் கை கொடுக்கும்.

காகிதம் என்ன தரும்

வருடம் தரும். பேச்சில் வருடமே கிடையாது. 'பெரிய புயலுக்கு முன்னால்', 'சர்ச் கட்டிய காலத்தில்' என்றுதான் வரும். வெஸ்லியன் (மெதடிஸ்ட்) மிஷனரிகள் 1820-களில் காலூன்றினார்கள். பின்னாளில் முதலாம் துபோ அரசரான தௌஃபாஹாவு 1831-இல் ஞானஸ்நானம் பெற்றார். இங்கிலாந்து அரசர் ஜார்ஜின் பெயரை டோங்கா நாவுக்கேற்ப சியாவோசி என்று வைத்துக்கொண்டார். அவர் மனைவி லூபேபாவு அரசி சார்லட்டின் பெயரில் சாலோத்தே ஆனார். 1834-இல் வடக்கே வாவாவூ தீவுகளில் தொடங்கிய மத எழுச்சியில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். கத்தோலிக்க மாரிஸ்ட் குருமார்கள் 1842-இல் வந்தார்கள். ஆக, ஒரு சாதாரண மீனவரின் பெயர்கூட 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஞானஸ்நான ஏட்டிலோ திருமண ஏட்டிலோ இருக்க வாய்ப்புண்டு. தலைவர்களின் பேச்சாளர்கள் நினைவில் வைக்காத குடும்பத்தைச் சபை எழுத்தர் எழுதிவைத்திருக்கிறார். சாதாரணக் குடும்பங்களுக்கு இந்த ஏடுகள் செய்த உபகாரம் பெரிது, அதை நான் எந்தக் காலத்திலும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பெயர்களைக் கண்டுபிடிப்பது தனி வேலை. ஞானஸ்நானத்தில் வந்த சியோனே, மேலே, தேவிதா போன்ற பைபிள் பெயர்கள் ஒரே ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும். குடும்பப் பெயர் என்பதே பழைய வழக்கம் இல்லை, பெரும்பாலும் அப்பாவின் பெயர் பின்னால் ஒட்டும். தேவிதாவின் மகன் பிதா தேவிதா, அவர் மகன் சியோனே பிதா என்று போகும். மூன்று தலைமுறைக்கு மூன்று கடைசிப் பெயர்! பட்டம் ஏற்ற ஆள் அன்றிலிருந்து பட்டத்தின் பெயராலேயே அழைக்கப்படுவார். உலுகாலாலா என்று ஏட்டில் இருந்தால் எந்த உலுகாலாலா என்று வருடத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

எழுத்துமுறை வேறு மாறியிருக்கிறது. பழைய மிஷன் ஏடுகளில் 'ங்' ஒலிக்கு ரோமன் எழுத்தில் வெறும் ஜி-தான். இன்று எஸ் வரும் இடத்தில் ஜே எழுதினார்கள். 1943-இல்தான் அரசு இன்றைய எழுத்துமுறையை முறைப்படுத்தியது. தொண்டையில் நிறுத்தி ஒலிக்கும் அடையாளமும் நெடில் கோடும் பழைய ஏடுகளில் பெரும்பாலும் இருக்காது. கணினியில் இன்றைய எழுத்தில் மட்டும் தேடிவிட்டு 'எதுவும் இல்லை' என்று முடிவுகட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜே போட்டும், ஜி போட்டும், அடையாளங்களை எடுத்துவிட்டும் மறுபடி தேடுங்கள்.

இப்போது காகிதத்தின் பெரிய சாய்வுக்கு வருகிறேன். 1875 நவம்பர் 4-இல் முதலாம் துபோ அரசர் அரசியல் சட்டத்தைக் கொடுத்தார். நிலத்தை விற்கக்கூடாது என்று அதில் இருந்ததால்தான் இந்த நாட்டு மண் வெளியார் கைக்குப் போகாமல் தப்பியது. அதற்காக டோங்கர்கள் அவரைக் கொண்டாடுவது முழுக்க நியாயம். அதே சட்டம் பட்டமும் நிலமும் மூத்த மகன் வழியே, அதுவும் சட்டப்படியான திருமணத்தில் பிறந்தவர் வழியே போகும் என்று வரையறுத்தது. பின்னால் வந்த நிலச் சட்டங்கள் 16 வயதான ஒவ்வொரு ஆணுக்கும் எட்டேகால் ஏக்கர் தோட்டமும் ஊருக்குள் ஒரு வீட்டு மனையும் கேட்கும் உரிமையைத் தந்தன. மகளுக்கு அந்த உரிமை இல்லை. விதவைக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை உண்டு.

விளைவு என்ன? நிலப் பதிவேட்டில் அப்பா, மகன், பேரன். சாவு வீட்டில் தலைமாட்டில் உட்காரும் பெண் அதில் இல்லவே இல்லை. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளும் இந்தக் கோட்டில் காணாமல் போவார்கள். பேச்சு வழியிலோ அவர்கள் முழு மனிதர்களாக, தாயின் பெயரோடு இருக்கிறார்கள். நிலத்தை மட்டும் பார்த்து ஒரு குடும்ப மரம் வரைந்தால், குடும்பமே மதிக்கும் பெண்களை வெட்டிவிட்டு வரைந்த மரமாகத்தான் அது இருக்கும். இதை நான் வெறும் ஆராய்ச்சிக் குறையாகப் பார்க்கவில்லை. அந்த மரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டுவார்கள். அடுத்த தலைமுறை அதையே உண்மை என்று எடுத்துக்கொள்ளும்.

எங்கே எது இருக்கிறது

பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் நுக்குஅலோஃபாவில் நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள பதிவாளரிடம். நிலப் பதிவுகள் நில அமைச்சகத்தில். மற்றதில் பெரும்பகுதி டோங்காவுக்கு வெளியே கிடக்கிறது. ஆக்லாந்துக்காரர்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு: மேற்கு பசிபிக் ஆவணத் தொகுதி 2002-இலிருந்து ஆக்லாந்து பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1900 முதல் 1970 வரை டோங்கா பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த நாடு. அந்தக் காலத்துக்கும் அதற்குச் சற்று முன்புக்கும் உரிய பிரிட்டிஷ் கான்சல் அலுவலகக் கோப்புகள் அந்தத் தொகுதியில் உள்ளன. மெதடிஸ்ட் மிஷன் காகிதங்கள் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்திலும், லண்டனில் கீழைத்தேய ஆப்பிரிக்கக் கல்விப் பள்ளியிலும். கான்பெராவில் 1968-இல் தொடங்கிய பசிபிக் கையெழுத்துப்படிகள் நிறுவனம் தீவுகளின் ஏடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்து வைத்திருக்கிறது. 1920–21-இல் மானுடவியலாளர் எட்வர்ட் கிஃபர்ட் களத்தில் தொகுத்தவற்றுக்கு ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்தே தொடங்க மார்மன் சபையின் ஃபேமிலிசர்ச் தளம்தான் எளிது, இலவசமும்கூட. முன்னோரைத் தேடுவது அந்தச் சபைக்கு மதக் கடமை. டோங்கர்களில் கணிசமானோர் அந்தச் சபையினர். அதனால் படமெடுத்த பதிவேடுகளும், பெரியவர்கள் வாயால் சொல்லப் பதிந்த வம்சாவளிகளும் அங்கே சேர்ந்தன. பதிவேட்டின் படத்தை நம்புங்கள். யாரோ பதிவேற்றிய குடும்ப மரத்தை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், ஒரே பெயருள்ள இரண்டு சியோனேக்கள் அங்கே சுலபமாக ஒருவராகிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை: சபை பிளவுகளைத் தெரிந்துகொண்டு போங்கள். 1885-இல் முன்னாள் மிஷனரியும் அப்போதைய பிரதமருமான ஷெர்லி பேக்கரும் அரசரும் சேர்ந்து டோங்கா சுதந்திர சபையைப் பிரித்தார்கள். பழைய வெஸ்லியன் சபையை விடாதவர்கள் துன்புறுத்தப்பட்டார்கள், ஒரு கூட்டம் 1887 முதல் 1890 வரை ஃபிஜியின் கோரோ தீவில் இருந்தது. 1924-இல் இரண்டு சபைகளையும் அரசி சாலோத்தே இணைத்தபோதும் ஒரு பகுதியினர் தனியே நின்றார்கள். ஒரு குடும்பத்தின் ஞானஸ்நானங்கள் 1885-க்குப் பிறகு ஓர் ஏட்டில் நின்றுபோனால் அந்தக் குடும்பம் அழிந்துவிட்டதாக அர்த்தமில்லை. அடுத்த சபையின் ஏட்டைத் திறக்க வேண்டும்.

மரபணுச் சோதனை பற்றியும் கேட்பார்கள். சிறிய தீவுகள், ஒருவருக்கொருவர் பல வழிகளில் சொந்தம். அதனால் சோதனை காட்டும் உறவு உண்மையைவிட நெருக்கமாகத் தெரியும். தூரத்துச் சொந்தத்தைச் சித்தப்பா மகன் என்று சொல்லும். தத்துப்போனவர்கள் பெற்றோரைத் தேட உதவும். மற்றவர்கள் அந்தப் பணத்தை விமான டிக்கெட்டில் சேர்க்கலாம்.

யார் எதில் தொடங்குவது

கேள்வி நிலம் அல்லது பட்டம் பற்றியதானால், தயங்காமல் காகிதம். மூத்த மகன், சட்டப்படியான பிறப்பு என்பதை நிரூபிப்பது சான்றிதழ்தான். அத்தையின் நினைவு அங்கே துணைச் சாட்சி. இன்னொரு விஷயம், இப்படி ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது பெரியவர்களிடம் வம்சாவளி கேட்கப் போகாதீர்கள். எந்தத் தரப்புக்காகக் கேட்கிறாய் என்ற சந்தேகம் வரும், பெட்டியிலிருந்து நோட்டு வெளியே வராது.

முன்னோரில் ஓர் ஐரோப்பியர் இருந்தாலும் காகிதத்திலேயே தொடங்கலாம். வாவாவூவில் வுல்ஃப்கிராம், சான்ஃப்ட் போன்ற குடும்பப் பெயர்கள் பொமரேனியாவின் பிரிட்ஸ் பக்கத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்த ஜெர்மானியர்களுடையவை. அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்குச் சபைப் பதிவுகளும் கான்சல் கோப்புகளும் வேண்டும். ஆனால் அவர் மணந்த டோங்கா பெண் யார் மகள் என்பதற்கு மறுபடி வாவாவூ அத்தைகள்தான். கான்சல் கோப்பில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தாலே பெரிய விஷயம்.

குடும்பம் ஏவுவா தீவைச் சேர்ந்தது என்றால் ஊர்ப்பெயரைக் கவனியுங்கள். 1863-இல் கிரேஷியன் என்ற கப்பல் அதா தீவிலிருந்து சுமார் 144 பேரைப் பெரு நாட்டு அடிமை வியாபாரத்துக்காகப் பிடித்துக்கொண்டு போனது. மிச்சமிருந்த சுமார் 200 பேரை அரசர் ஏவுவாவில் குடியேற்றினார், அதா இன்றுவரை ஆளில்லாத தீவு. போனவர்களைப் பற்றிய நினைவு அவர்கள் சந்ததியின் பேச்சில் இருக்கிறது, அங்கேதான் முதலில் போக வேண்டும். நியுவாஃபோஓ தீவில் 1946-இல் எரிமலை வெடித்தபோது தீவு முழுவதையும் காலிசெய்தார்கள். அந்த மக்களும் ஏவுவாவில் குடியேறி, விட்டுவந்த ஊர்களின் பெயர்களையே புது ஊர்களுக்கு வைத்தார்கள். 1958-இலிருந்து சிலர் திரும்பிப் போனார்கள். ஆகவே பிறந்த ஊர் என்று ஒரே பெயர் இருந்தாலும் அது எந்தத் தீவு என்பது வருடத்தைப் பொறுத்தது.

இதெல்லாம் இல்லாத சாதாரணத் தேடல் என்றால் நான் சொல்லும் வரிசை இது. புறப்படும் முன் ஆக்லாந்திலேயே ஃபேமிலிசர்ச்சில் கிடைப்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனதும் அந்தக் காகிதங்களைப் பையிலேயே வையுங்கள். முதல் பேச்சிலேயே அச்சடித்த தாளை நீட்டினால், அச்சில் இருப்பதுதான் சரியாக இருக்கும் என்று பெரியவர் தன் நினைவைத் திருத்திக்கொள்வார். உங்களுக்கு வேண்டியது திருத்தாத நினைவு. கையில் ஏதாவது கொண்டுபோங்கள், வெறுங்கையோடு போவது வழக்கமில்லை. உங்கள் பெற்றோரில் ஒருவரோ ஊரிலிருக்கும் மூத்த சொந்தமோ உங்களை அறிமுகம் செய்து உட்காரவைத்தால் நல்லது.

அண்ணனையும் தங்கையையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். அவர்களுக்கிடையே கண்டிப்பான மரியாதை விலகல் உண்டு. கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளை, விட்டுப்போன கணவன் போன்ற பேச்சு அந்த அறையில் எழவே எழாது. தனித்தனியாகக் கேட்டால் இருவரும் சொல்வார்கள். ஒலிப்பதிவு செய்யவும் நோட்டைப் படமெடுக்கவும் அனுமதி கேளுங்கள். மறுத்தால் வற்புறுத்தாமல் விடுங்கள். ஒரு நோட்டு ஒரு குடும்பத்தின் நில உரிமையையே அசைக்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தெரியும். அனுமதித்தால் ஒரு பிரதியை அந்த வீட்டுக்கே கொடுத்துவிட்டு, இன்னொன்றை ஆக்லாந்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜனவரி 15-இல் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்து வந்த சுனாமியில் மாங்கோ தீவின் எல்லா வீடுகளும் போயின. வீட்டோடு பெட்டியும் போகும்.

பேச்சில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அப்புறம் பதிவாளர் அலுவலகம் போங்கள். இப்போது எந்தச் சியோனே, எந்த ஊர், எந்தச் சபை, மனைவி யார் என்று தெரிந்திருப்பதால், ஒரு வாரம் தேட வேண்டியது ஒரு காலையில் முடியலாம். முரண்பட்டால் உடனே காகிதத்துக்குத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். வருடத்தில் முரண் என்றால் காகிதத்தை நம்பலாம். யார் பிள்ளை என்பதில் முரண் என்றால் திரும்ப அத்தையிடம் போய்க் காட்டுங்கள். பதிவில் இருப்பவர் வளர்த்தவர் என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடும், அல்லது அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் மறந்துபோன ஒரு தங்கை நினைவுக்கு வரக்கூடும்.

எழுதும்போது இரண்டு தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பெற்றோர், பிள்ளைகள், வருடங்கள். மற்றதில் ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்த சகோதரி யார், அவள் பிள்ளைகள் யார், இன்று நம் வீட்டுக்கு ஃபஹு யார் என்பது. குடும்ப மரம் வரையும் மென்பொருளில் இந்த இரண்டாவதற்கு என்று தனிக் கட்டம் இருக்காது. குறிப்பு எழுதும் பகுதியில் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் யார் சொன்னது, எந்தத் தேதியில், எந்த ஊரில் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.